கிணற்றைக் காக்க மரத்தூள்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்யும் வேலைகள் இரண்டு: கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது, மலசலகூடம் அமைப்பது. இரண்டும் ஒரே வளவுக்குள் அமைவதால், ஒன்று மற்றதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதியில் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியாகக் கழிவுநீர் விரைவாக நிலத்தடி நீரை அடைந்துவிடும். அதனோடு செல்வது கிருமிகள் மட்டுமல்ல. சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைதரசன், காற்றுப்படும் மண்ணில் நைத்திரேற்றாக மாறி, நீரில் கரைந்து கிணற்றுக்குப் போகிறது. தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் இதே நைத்திரேற்றைச் சேர்க்கிறது.

நைத்திரேற்றினால் என்ன ஆபத்து?

நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. பார்த்து அறிய முடியாது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கக்கூடும். உதடும் தோலும் நீலம் பாரித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே குழந்தைக்கு நல்ல பாதுகாப்பு.

மரத்தூள் எப்படி உதவுகிறது?

மரக்காலைகளில் குவிந்து கிடக்கும் மரத்தூளும் சீவலும் இங்கு பயன்படும். மரத்தூள் நீரில் மூழ்கி, காற்றுப் புகாமல் இருக்கும்போது, அங்குள்ள பற்றீரியாக்கள் மரத்தை உணவாகக் கொள்ளும். சுவாசிக்க ஒட்சிசன் இல்லாததால் நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது நைதரசன் வாயு. அது தீங்கின்றிக் காற்றோடு கலந்துவிடும்.

அமெரிக்காவின் லோங் ஐலண்ட் மக்களும் எங்களைப் போல நிலத்தடி நீரையே குடிக்கிறார்கள். அங்கு வீட்டுக் கழிவுநீருக்கு இத்தகைய படுக்கைகள் அமைக்கப்பட்டுள்ளன. கனடாவின் ஒன்ராறியோவில் 1990களின் தொடக்கத்தில் இடப்பட்ட மரத்தூள் படை ஒன்று, 15 ஆண்டுகளின் பின்னரும் நைத்திரேற்றை நீக்கி வந்தது.

அமைப்பு

1. கழிவுநீர் முதலில் மூடிய கழிவுத்தொட்டிக்குப் போக வேண்டும். திண்மக் கழிவு அங்கேயே தங்கும்.

2. அங்கிருந்து வரும் நீர் சுமார் 18 அங்குல மணற்படையினூடாக மெதுவாக இறங்க வேண்டும். இங்கு காற்றுப் பட்டு அமோனியா நைத்திரேற்றாக மாறும். இந்தப் படை இல்லாமல் மரத்தூளை மட்டும் போட்டால் பயன் மிகக் குறைவு.

3. அதன் கீழே 12 முதல் 18 அங்குலம் வரை மணலும் மரத்தூளும் கலந்த படை. இது எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். அதற்காக அடியையும் பக்கங்களையும் சீமெந்தால் அல்லது தடித்த பொலித்தீனால் மூட வேண்டும்.

4. வெளியேறும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போகட்டும்.

கவனிக்க வேண்டியவை

• வர்ணம் பூசிய, கறையான் மருந்து ஏற்றிய மரத்தின் தூள் வேண்டாம். அந்த நஞ்சு தண்ணீரில் இறங்கும்.

• முதல் சில வாரங்கள் தேநீர் நிறத்தில் நீர் வரும். அது மரச்சாயம், போகப் போகக் குறையும்.

• மரத்தூள் காய்ந்து காற்றுப் பட்டால் விரைவில் உக்கிவிடும்.

• இந்த அமைப்பு கிருமிகளை முழுதாக அகற்றாது. ஆகவே இடைத்தூரத்தைக் குறைக்க இதை ஒரு காரணமாகக் கொள்ள வேண்டாம். மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் நியமங்களின்படி, உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியும், அதன் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலாகவும் இருக்க வேண்டும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தில் தூரம் இன்னும் கூடுதலாகத் தேவை. நீர்மட்டத்தை மாரிகாலத்தில் அளந்து பாருங்கள்.

• தோட்ட உரத்தினால் வரும் நைத்திரேற்றை இது தடுக்காது.

குழி வெட்டுவதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அழைத்து இடத்தைக் காட்டுங்கள். கிணற்று நீரின் நைத்திரேற்று அளவைப் பரிசோதிப்பது பற்றியும் கேட்டறியுங்கள். வீட்டில் கைக்குழந்தை அல்லது கர்ப்பிணித் தாய் இருந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை அவர்களுக்குப் பாதுகாப்பான வேறு குடிநீரைப் பெற்றுக்கொள்ளுங்கள்.