ஓரிடம், இரண்டு ஆஃப் ஸ்பின்னர்: பிரசன்னாவா, வெங்கட்டா?

இந்திய டெஸ்ட் அணியில் 1960களின் நடுவிலிருந்து 1970களின் கடைசி வரை ஆஃப் ஸ்பின்னருக்கென்று இருந்தது பெரும்பாலும் ஓரிடம்தான். அந்த இடத்துக்கு உரியவர்கள் இரண்டு பேர்: பெங்களூரின் எரப்பள்ளி பிரசன்னா, சென்னையின் எஸ். வெங்கட்ராகவன். இவர்களில் யார் பெரியவர் என்ற வழக்கு அன்று தொடங்கியது. இருவரும் ஆடுவதை விட்டு நாற்பது ஆண்டு கடந்த பிறகும் தென்னிந்தியாவில் அதற்குத் தீர்ப்பு வரவில்லை.

இடம் ஒன்று, ஆள் இரண்டு என்பதுதான் வழக்கின் வேர். அணியில் பிஷன் சிங் பேடி இருந்தார். இடக்கைச் சுழல், 266 விக்கெட். சந்திரசேகர் இருந்தார், வேகமான லெக் ஸ்பின், 242 விக்கெட். அவரவர் வகையில் அவர்களை அசைக்க ஆளில்லை. மிச்சமிருந்த இடத்தில் 189 விக்கெட் எடுத்த பிரசன்னாவும் 156 விக்கெட் எடுத்த வெங்கட்டும் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அணியில் மூன்று சுழலர் இறங்கியபோது இருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களும் உண்டு. ஆனால் நால்வரும் ஒன்றாக இறங்கிய டெஸ்ட் ஒன்றே ஒன்று: 1967இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில்.

இருவருக்கும் ஒற்றுமைகள் நிறைய. இருவரும் பொறியியல் பட்டதாரிகள். வெங்கட் படித்தது கிண்டியில், பிரசன்னா மைசூரில். இருவரும் முதல் டெஸ்டை ஆடியது சென்னை நேரு ஸ்டேடியத்தில். பிரசன்னா 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கினார். அந்த ஆண்டே வெஸ்ட் இண்டீஸ் போய்வந்தவர், படிப்பை முடிப்பதற்காக டெஸ்ட் கிரிக்கெட்டைவிட்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டு விலகியிருந்தார். அந்த இடைவெளியில் வந்தவர்தான் வெங்கட். 1965இல் நியூசிலாந்துக்கு எதிரான தொடரில் அறிமுகமாகி, அதே தொடரின் டெல்லி டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8, அடுத்ததில் 80 ரன்னுக்கு 4 என்று 12 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. பிரசன்னா பட்டத்தோடு திரும்பியபோது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

யார் சிறந்தவர் என்பதைப் பேசுவதற்கு முன், ஆஃப் ஸ்பின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வலக்கை மட்டையாளருக்கு ஆஃப் பக்கம் குத்தி, அவரை நோக்கி உள்ளே திரும்பும் பந்து அது. லெக் ஸ்பின்னைப் போல வெளியே ஓடி மட்டையின் விளிம்பைத் தொட்டு ஸ்லிப்புக்குப் போகும் பயம் இதில் குறைவு. உள்ளே வரும் பந்தைக் காலும் மட்டையும் சேர்ந்து தடுத்துவிடலாம். ஆகவே ஆஃப் ஸ்பின்னர் வெறும் சுழலை நம்பிப் பிழைக்க முடியாது. வேறு ஏதாவது ஒரு வித்தை வேண்டும்.

பிரசன்னாவின் வித்தை காற்றில் இருந்தது. உயரம் குறைவான, சற்றுப் பருத்த உடம்பு. பந்தை மட்டையாளரின் கண் மட்டத்துக்கு மேலே தூக்கி விடுவார். அடிக்க வாகான பந்து என்று மட்டையாளர் முன்னங்காலை எடுத்துவைப்பார். பந்தோ அவர் கணக்கிட்ட இடத்துக்கு ஒரு சாண் முன்னால் இறங்கிவிடும். அதற்குள் கால் போய்விட்டிருக்கும், திரும்ப வழியில்லை. பந்து எவ்வளவு திரும்புகிறது என்பதைவிட எங்கே விழுகிறது என்பதில்தான் ஆள் ஏமாந்தார். ஆஸ்திரேலியத் தலைவர் இயன் சாப்பல், தாம் ஆடிய சுழலர்களில் இவரையே முதலில் வைத்தார்.

வெங்கட் நெடிய உருவம், ஒல்லி. கை உயரத்திலிருந்து வருவதால் பந்து எகிறும். பிரசன்னா அளவுக்கு மிதக்கவிட மாட்டார். சற்று வேகமாக, தட்டையாக, ஓவருக்கு ஆறு பந்தையும் ஒரே இடத்தில் குத்துவார். ரன் வராது. பொறுமையிழந்த மட்டையாளர் தானாகவே தவறு செய்வார், அல்லது எதிர்முனையில் வீசும் பேடியிடமோ சந்திரசேகரிடமோ போய் மாட்டிக்கொள்வார். இப்படி அடுத்தவர் கணக்கில் சேரும் விக்கெட்டுக்குப் புள்ளிவிவரப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. வெங்கட் கட்சிக்காரர்களின் நிரந்தர முறையீடு இது. அதில் நியாயமும் இருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன? பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட், விக்கெட்டுக்கு 30.38 ரன். வெங்கட் 57 டெஸ்டில் 156 விக்கெட், விக்கெட்டுக்கு 36.11 ரன். ஒரு விக்கெட்டுக்குப் பிரசன்னா வீசியது சராசரியாக 76 பந்து. வெங்கட்டுக்குத் தேவைப்பட்டது 95. ஒரு இன்னிங்ஸில் ஐந்தோ அதற்கு மேலோ எடுத்தது பிரசன்னா பத்து முறை, வெங்கட் மூன்று முறை. சிக்கனத்தில் வெங்கட் முந்துகிறார்: ஓவருக்கு 2.27 ரன், பிரசன்னாவுக்கு 2.40. இந்த வித்தியாசம் நூறு ஓவருக்குப் பதின்மூன்று ரன். இதை வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம்.

வெங்கட்டுக்காகச் சொல்லப்படும் இன்னொரு வாதம், அவர் நன்றாக மட்டை பிடிப்பார் என்பது. அவருடைய டெஸ்ட் சராசரி 11.68, பிரசன்னாவுடையது 11.48. ஐம்பது ஆண்டாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு வாதத்தின் உயரம் இவ்வளவுதான். ஃபீல்டிங் கதை வேறு. மட்டையாளருக்கு மிக அருகில், கல்லியிலும் ஸ்லிப்பிலும் நின்று வெங்கட் பிடித்த கேட்ச் 44. பிரசன்னா பிடித்தது 18. சுழலை நம்பியிருந்த அணியில் அருகில் நிற்பவரின் கை பந்து வீசுபவரின் விரலுக்குச் சமம். இதை எண்ணாமல் வெங்கட்டை எடைபோட்டால் தராசு சாய்ந்துவிடும்.

ஆனால் எந்த நாளில் யார் ஆடுவார் என்பதை இந்தக் கணக்குகள் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர் அணித்தலைவர். பட்டோடி தாக்கிப் பிடிக்கும் ரகம். நாலு பவுண்டரி போனாலும் விக்கெட் விழட்டும் என்று பிரசன்னாவிடம் பந்தைக் கொடுப்பார். அவர் காலத்தில்தான் பிரசன்னா உச்சத்தில் இருந்தார். 1967-68 பயணத்தில் ஆஸ்திரேலியாவில் 25, நியூசிலாந்தில் 24 என்று எட்டு டெஸ்டில் 49 விக்கெட். நியூசிலாந்தில் 3-1 என்று வென்றது இந்தியா வெளிநாட்டில் வென்ற முதல் தொடர். இருபதாவது டெஸ்டில் நூறு விக்கெட்டை எட்டினார். அந்த வேகத்தை இன்னொரு இந்தியர் மிஞ்ச 2013 வரை ஆனது.

1971 ஜனவரியில் தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்டின் வாக்கால் பட்டோடி போய் அஜித் வடேகர் வந்தார். காற்று திசை மாறியது. வடேகர் கணக்குப் பார்த்து ஆடுபவர். ரன் கசியக் கூடாது, கேட்ச் நழுவக் கூடாது. அதோடு வெங்கட் துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். துணைத்தலைவரைப் பெஞ்சில் உட்காரவைப்பது எளிதல்ல என்ற சின்ன உண்மையை இரு கட்சி ரசிகர்களும் கவனிப்பதே இல்லை. வெஸ்ட் இண்டீஸை இந்தியா முதன்முறையாக வீழ்த்திய போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்டில் இருவருமே ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் பிரசன்னா 54 ரன்னுக்கு 4, இரண்டாவதில் வெங்கட் 95 ரன்னுக்கு 5. தொடர் முடிந்தபோது வெங்கட் கணக்கில் 22 விக்கெட். அதே ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து போனார்கள். அங்கே மூன்று டெஸ்டிலும் வெங்கட். பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை.

இங்கிலாந்தின் கிரிக்கெட் கோடையும் குற்றாலத்தின் சாரல் சீசனும் ஒரே காலம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பண்பொழி, செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் மேற்கு மலை மேகம் மூடியிருக்கும் அந்த மாதங்களில், நம் ஊர் மாலையில் தொடங்கி இரவு வரை நீளும் லண்டன் ஆட்டம் வானொலிக்கு உரியது. வர்ணனை ஆங்கிலத்தில் வரும். விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்ல, ஸ்கோர் கைமாறும். தமிழ் வர்ணனை பின்னால்தான் பரவியது; அதில் பேரெடுத்த அப்துல் ஜப்பார், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சாத்தான்குளத்துக்காரர். 1971 ஆகஸ்ட் 24, விநாயகர் சதுர்த்தியன்று ஓவலில் இந்தியா வென்றது. இங்கிலாந்தை 101 ரன்னுக்குச் சுருட்டியவர் 38 ரன்னுக்கு 6 எடுத்த சந்திரசேகர். ஆனால் லக்ஹர்ஸ்ட்டைக் கேட்ச் பிடித்தது வெங்கட். ஆபத்தான ஆலன் நாட்டை ஷார்ட் லெக்கில் சோல்கர் பாய்ந்து பிடித்ததும் வெங்கட்டின் பந்தில்தான்.

சேப்பாக்கத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இத்தகைய ஊர்களில், இந்த வழக்கைப் பேசியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரசன்னா பந்து வீசியோ வெங்கட் பந்து வீசியோ நேரில் பார்த்ததில்லை. தொலைக்காட்சி வீடுதோறும் வருமுன் இருவரும் விலகிவிட்டார்கள். கையிலிருந்தது காதில் விழுந்ததும் மறுநாள் நாளிதழின் ஸ்கோர் அட்டையும். ஸ்கோர் அட்டையில் விக்கெட் தெரியும். பந்து காற்றில் தொங்கியது தெரியாது. கேட்ச் பிடித்தவர் பெயர் தெரியும். கை எட்டாத பந்தை எட்டிப் பிடித்தாரா என்பது தெரியாது. பார்க்காத இடத்தை ஊர்ப்பற்று நிரப்பிக்கொண்டது. வெங்கட் நம்மாள், அதற்குமேல் சாட்சி எதற்கு?

ஊர்ப்பற்றுக்கு ரஞ்சிக் கோப்பையும் தீனி போட்டது. தென் மண்டல லீக்கில் தமிழ்நாடும் கர்நாடகமும் ஆண்டுதோறும் மோதின. வெங்கட் தலைமையில் தமிழ்நாடு 1972-73 இறுதி ஆட்டத்தைச் சேப்பாக்கத்தில் ஆடி, மூன்றாம் நாள் முதல் பந்திலேயே பம்பாயிடம் தோற்றது. பம்பாய்க்கு அது தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை. அடுத்த ஆண்டே பிரசன்னாவின் கர்நாடகம் அரையிறுதியில் பம்பாயை வெளியேற்றிக் கோப்பையைத் தூக்கிச் சென்றது. சென்னை ரசிகர்களுக்கு இது இரட்டைக் காயம்.

ஆனாலும் வெங்கட்டுக்காகக் குரல் எழுந்தது சென்னையில் மட்டுமல்ல. 1969 நவம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டுக்கு முதலில் அறிவித்த அணியில் அவர் இல்லை. எதிர்ப்பு வலுத்ததும், தேர்வாகியிருந்த சுப்ரதோ குஹா விலகி வழிவிட்டார். அதே ஆட்டத்தில் வெங்கட் விக்கெட் கீப்பரிடம் கேட்ச் என்று அவுட் கொடுக்கப்பட, மட்டையில் படவில்லை என்று நம்பிய கூட்டம் கலவரத்தில் இறங்கி மைதானத்தையே புகையாக்கியது. அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவை இரண்டாம் இன்னிங்ஸில் 24 ரன்னுக்கு 6 விக்கெட் என்ற நிலைக்குத் தள்ளி, மொத்தம் பத்து விக்கெட் எடுத்தவர் பிரசன்னா. சென்னைக் கூட்டம் அவருக்கும் கைதட்டியது. நல்ல பந்தை அடையாளம் காண்பதில் சேப்பாக்கத்துக்கு எல்லைக்கோடு கிடையாது.

தேர்வுக்குழுவின் ஊசலாட்டத்துக்கு உச்சம் 1974 டிசம்பர். மீண்டும் தலைவராகிக் காயமடைந்த பட்டோடிக்குப் பதிலாக டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அணியை நடத்தியவர் வெங்கட். அடுத்த டெஸ்டில் அவர் பன்னிரண்டாவது ஆள். தலைவராக இருந்தவர் அடுத்த ஆட்டத்திலேயே தண்ணீர் கொண்டுபோகும் ஆளாவதை எந்தச் சராசரியாலும் விளக்க முடியாது.

இப்படி ஓரிடத்துக்கு இருவர் மோதுவது எல்லா விளையாட்டிலும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கும் ஆள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் ஜோ மொன்டானா நான்கு முறை பட்டம் வென்றுகொடுத்தவர். 1987இல் அதே அணிக்கு வந்த ஸ்டீவ் யங் ஆண்டுக்கணக்கில் பெஞ்சில் காத்திருந்தார். கடைசியில் 1993இல் மொன்டானாதான் வேறு அணிக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த நகர ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அங்கும் உள்ளே ஓடிய கேள்வி யார் சிறந்தவர் என்பதைவிட, பயிற்சியாளருக்கு எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும் என்பதே.

விக்கெட் எடுக்கும் பந்துவீச்சாளர் என்று மட்டும் பார்த்தால் பிரசன்னா மேலே; இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஐந்து நாளும் அணியில் ஒரு வேலை செய்துகொண்டே இருக்கும் ஆள் என்று பார்த்தால் வெங்கட்டைத் தேர்ந்த வடேகரின் முடிவில் பிழை காண்பது கடினம். 1971இன் இரண்டு தொடர் வெற்றிகளும் அவர் பக்கம் நிற்கின்றன. ஆனால் பிரசன்னா போன்றவர் இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பியது வெற்றியாலும் நியாயமாகிவிடாது.

பிரசன்னா 1978இல் பாகிஸ்தான் பயணத்தோடு டெஸ்டிலிருந்து ஓய்ந்தார். 1985இல் ஆஸ்திரேலியாவில் உலக சாம்பியன்ஷிப் வென்ற இந்திய அணிக்கு மேலாளராகப் போனார். வெங்கட் 1983 வரை ஆடினார். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவின் தலைவர் அவர்தான். பிறகு நடுவராகி 73 டெஸ்டில் விரல் உயர்த்தினார். பிரசன்னாவின் இருபது டெஸ்ட் கணக்கை 2013இல் பதினெட்டில் முடித்தவர் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின். அந்த அஸ்வின், 2021இல் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா அங்கே ஆடிய நான்கு டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்திருந்தார். சுழலர் இடத்தில் ஆடிய ஜடேஜா நன்றாக மட்டை பிடிப்பார் என்று காரணம் சொன்னார்கள். இம்முறை சராசரியும் அதற்கு ஒத்துப்போனது. தென்காசிப் பக்கத்து டீக்கடைகளில் வழக்கு மட்டும் அன்று போலவே நடந்தது.