பகலில் வரும் புயலும் பால்வாடிப் பிள்ளைகளும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை. 2023 டிசம்பர் 17 அன்று தென்மாவட்டங்களில் பேய்மழை பிடித்துக்கொண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதுவும் ஞாயிறுதான். மூன்று முறையும் பால்வாடிகள் பூட்டிக் கிடந்தன.

அடுத்தது புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தால்?

கடலோரத்துக் கவலை நமக்கெதற்கு என்று செட்டிநாட்டின் செக்காலையில் இருப்பவர்கள் நினைக்க முடியாது. கஜா புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டு, சிவகங்கைச் சீமையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. செட்டிநாட்டு வீடுகள் இத்தனை உயரமான அடித்தளத்தில் நிற்பதற்கே, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட நினைவுதான் காரணம் என்று நகரத்தார் சொல்வதுண்டு.

பால்வாடி என்கிற அங்கன்வாடி ஒன்றில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். குறு மையமென்றால் பணியாளர் மட்டுமே. இருபது பிள்ளைகளை இரண்டு பேர் எப்படி மழையில் நடத்திக் கூட்டிப்போவார்கள்? அதனால் முதல் தேவை பக்கத்து வீட்டார்தான். அவசரத்துக்கு ஓடிவர நான்கு பேரை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஜப்பானில் குழந்தைக் காப்பகங்கள் மாதம் ஒருமுறையாவது வெளியேறும் பயிற்சி நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். சரியாக நடக்கத் தெரியாத பிள்ளைகளை நிற்கவைத்துத் தள்ளிப்போகச் சக்கர வண்டிகளும் அங்கே உண்டு. நம்மிடம் வண்டி இல்லாவிட்டால் போகிறது, பயிற்சிக்குக் காசு தேவையில்லை.

புயலடித்தால் செல்போன் கோபுரமும் விழும். எந்தக் கட்டடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவார்கள் என்பது பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மேடான இடத்தில், கான்கிரீட் கூரையோடு, பகலில் திறந்திருக்கும் கட்டடமாக அது இருக்கட்டும். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் உறுதியானவைதான். ஆனால் பல வீடுகளில் பூட்டுத்தான் தொங்குகிறது. பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம், அப்பத்தாவா, சித்தப்பாவா என்பதும் காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையிடம் "அப்பா பேரென்ன?" என்று கேட்டால், "அப்பா" என்றுதான் சொல்லும். அதனால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையொன்று பிள்ளையின் சட்டையில் இருந்தால் இன்னும் நல்லது. குடிநீர், சத்துமாவு, டார்ச், மருந்துப்பை ஆகியவற்றைத் தரையில் வைக்காமல் பரண்மேல் வைக்க வேண்டும்.

ஐப்பசி மழை இறங்குமுன் ஒருநாள், பிள்ளையை விடப் போகும்போது கேளுங்கள்: "மழை வலுத்தா எங்க கூட்டிட்டுப் போவீங்க, டீச்சர்?" பதில் இல்லையென்றால் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஓடிவரும் நான்கு பேரில் முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.