கை சொல்வதும் கருவி சொல்வதும்



குழந்தை சிணுங்கினால் தாயின் கை முதலில் அதன் நெற்றிக்குத்தான் போகும். "உடம்பு அனலாய்க் கொதிக்கிறது" என்பாள் தாய். "அவ்வளவு சூடில்லையே" என்பாள் பாட்டி. யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விடை தரும் கருவியே வெப்பமானி, அதாவது தெர்மாமீட்டர். அது இன்றைய உருவை அடைய இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலில் நம் கையையே சோதித்துப் பார்ப்போம். ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த நீர், மற்றொன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் வெதுவெதுப்பான நீர் வைப்போம். இடக்கையைக் குளிர்ந்த நீரிலும் வலக்கையை வெந்நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுப்பாத்திரத்தில் விடுவோம். இடக்கைக்கு அந்த நீர் சுடும்; வலக்கைக்கு அதே நீர் குளிரும். ஆங்கில அறிஞர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை எடுத்துக்காட்டினார். தண்ணீரில் கைவைத்து வேலை செய்த தாயின் கையும், அடுப்பருகே இருந்த பாட்டியின் கையும் வேறுவேறு சொல்வதில் வியப்பில்லை.

சூடுபட்டால் காற்றும் திரவமும் விரிகின்றன. இதைக்கொண்டு, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் கலிலியோ ஒரு கண்ணாடிக் குழாய்க் கருவியை அமைத்தார் என்பர். மருத்துவர் சாண்டோரியோ அத்தகைய கருவியில் கோடுகள் இட்டு நோயாளிகளின் சூட்டைப் பார்த்தார். ஆனால் குழாயின் வாய் திறந்திருந்ததால், காற்றழுத்தம் மாறும்போதெல்லாம் அளவும் மாறியது. 1654ஆம் ஆண்டு வாக்கில் டஸ்கனியின் பிரபு இரண்டாம் பெர்டினாண்டு, குழாயில் சாராயத்தை அடைத்து வாயை மூடச் செய்தார். அக்குறை தீர்ந்தது.

அடுத்த குறை, ஒருவர் கருவியின் அளவு மற்றவர் கருவியோடு ஒத்துப்போகாததாகும். ஹாலந்தில் கருவிகள் செய்த பாரன்ஹீட், 1714இல் பாதரசத்தைப் பயன்படுத்தி, ஒன்றோடொன்று ஒத்த அளவு காட்டும் வெப்பமானிகளைச் செய்தார். 1742இல் சுவீடன் நாட்டு செல்சியஸ், பனிக்கட்டி உருகும் நிலைக்கும் நீர் கொதிக்கும் நிலைக்கும் இடையே நூறு பாகைகளை வகுத்தார். எங்கே அளந்தாலும் ஒரே எண் என்ற நிலை வந்தது.

ஆயினும், நோயாளிக்கு வைக்கும் கருவி ஓரடி நீளம் இருந்தது. அளவெடுக்க இருபது நிமிடம் பிடித்தது. 1866இல் ஆங்கில மருத்துவர் ஆல்பட் அதை ஆறங்குலமாகக் குறுக்கினார். ஐந்தே நிமிடம் போதுமானதாயிற்று. 1868இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச், சுமார் 25,000 நோயாளிகளின் அளவுகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். உடலின் இயல்பான சூடு சுமார் 37 பாகை செல்சியஸ் என்பதும், 38ஐ எட்டினால் காய்ச்சல் என்பதும் அவர் வழியாகப் பரவின.

பாதரசம் நஞ்சு. ஆகவே 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானி உற்பத்தியை 2020க்குள் நிறுத்த வகை செய்தது. இப்போது மின்கலத்தால் இயங்கும் கருவிகள் வந்துவிட்டன. வீட்டில் பழையது உடைந்தால் பாதரசத்தைக் கையால் தொடக்கூடாது; குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

நேயர்களே, எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. மணியோடு குறித்துவைக்க வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை வந்தால் அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். டிங்கிக் காய்ச்சலிலோ, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே சூடு இறங்கும் வேளைதான் ஆபத்து தொடங்கும் வேளையாக இருக்கலாம். எண் இறங்கியும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு இருந்தால் காத்திருக்கலாகாது.

"நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு 39, இன்று காலை 37" என்று ஒரு தாய் சொன்னால், மருத்துவருக்கு நோயின் போக்கு பாதி விளங்கிவிடும். தாயின் கை அன்பைச் சொல்லட்டும். சூட்டைக் கருவி சொல்லட்டும்.