பிக்கப்பை உயர்த்தக் கட்டையா, புதுப் பட்டையா?

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “ஆறு வருஷமாக பிக்கப் ஓட்டுகிறேன். மலைக்குப் போய்ப் புளி, சாமை ஏற்றி வருவேன். சந்தை நாளில் ஒடுகத்தூருக்கு ஆடு. மலைத்தடத்தில் வண்டியின் அடி இடிக்கிறது. இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் போதும், அரை நாள் வேலை என்கிறது ஒரு பட்டறை. இன்னொரு பட்டறையில் பட்டை செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். செலவு பல மடங்கு. எதைச் செய்வது?”

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பலாம்பட்டு மூன்றும் மலை ஊராட்சிகள். தார் முடிந்து கல்லும் மண்ணுமாகத் தடம் தொடங்கும் இடங்கள் அங்கே இன்னும் உண்டு. அந்தத் தடங்களில் புளிக் காலத்தில் பாரம் இறக்கும் எல்லா வண்டிக்காரர்களுக்கும் உள்ள கேள்விதான் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

வேலூரில் பட்டை வேலை செய்யும் ஒரு மேஸ்திரியிடம் இதைக் கேட்டோம். அவர் திருப்பிக் கேட்டார்: “இன்னா இடிக்கிது? கிரவுனா, டேங்கா, ஸ்டெப்னியா? அத மொதல்ல பாத்துக்கினு வரச் சொல்லுங்க. கட்டையா பட்டையான்றத அப்புறம் பேசலாம்.”

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பின் ஆக்சிலின் நடுவில் குண்டாகத் தொங்கும் கிரவுன் ஹவுசிங், பெரும்பாலான பிக்கப்களில் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம். அது சக்கரத்தோடு சேர்ந்தது. நீங்கள் கட்டை வைத்தாலும், புதுப் பட்டை போட்டாலும் உயர்வது சேசிஸும் அதற்கு மேல் உள்ள பாடியும்தான். கிரவுன் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் கிரவுன் 1 அங்குலம் உயரும், அவ்வளவுதான். அதையும் கம்பெனி அந்த வண்டிக்கு அனுமதித்த அளவுக்குள்தான் செய்ய வேண்டும். தடத்தின் நடுவில் துருத்தி நிற்கும் கல்லில் கிரவுன்தான் இடிக்கிறது என்றால், கட்டைக்கும் பட்டைக்கும் கொடுக்கும் காசு இரண்டுமே வீண். நடுமேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி ஓட்டுவதும், தேய்ந்த டயரை மாற்றிக் காற்றைச் சரியாக வைப்பதும்தான் அதற்கு வழி.

எது இடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து கிரவுன், டீசல் டேங்க், சைலன்சர், ஸ்டெப்னி, பின் பம்பர் எல்லாவற்றின் அடியிலும் பூசுங்கள். காய்ந்ததும் வழக்கமான பாரத்தோடு ஒருமுறை மலைக்குப் போய் வந்து குனிந்து பாருங்கள். எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அங்கேதான் இடி. ஓடையில் இறங்கி ஏறும்போது ஸ்டெப்னி மட்டும் உரசுகிறது என்றால், அதை வேறு இடத்தில் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். அதற்காக வண்டியையே தூக்க வேண்டாம்.

டேங்கோ சைலன்சரோ இடித்தால், அப்போதுதான் வாசகரின் கேள்விக்கே வருகிறோம்.

கட்டை என்ன செய்யும்?

பெரும்பாலான பிக்கப்களின் பின்பக்கம் பட்டை. 2005-இல் வந்து நம் ஊர் வாயில் ‘குட்டி யானை’ ஆகிவிட்ட டாடா ஏஸுக்கு முன்பக்கமும் பட்டைதான். சில வண்டிகளுக்கு முன்னால் காயில் ஸ்பிரிங் இருக்கும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டையைச் செருகி, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவதுதான் கட்டை வேலை. காயில் என்றால் அதன் மேலோ கீழோ ஒரு வளையம். ஆங்கிலத்தில் இதைத்தான் ஸ்பேசர் என்கிறார்கள்.

கட்டை உயரம் தரும், பலம் தராது. இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் காலி வண்டியும் இரண்டு அங்குலம் உயரும், பார வண்டியும் இரண்டு அங்குலம் உயரும். ஆனால் பட்டை பழைய பட்டைதான். ஒரு டன் ஏற்றினால் முன்பு மூன்று அங்குலம் தாழ்ந்த வண்டி இப்போதும் அதே மூன்று அங்குலம் தாழும். முன்பு ஒரு மட்டத்துக்கு மேல் பட்டை அமுங்காமல் ரப்பர் தடுப்பு தாங்கியது. கட்டை வைத்ததும் அந்தத் தடுப்பும் இரண்டு அங்குலம் எட்டப் போய்விடுகிறது. பள்ளத்தில் விழும்போது பட்டை வழக்கத்தைவிடக் கூடுதலாக அமுங்கும். களைத்த பட்டை முறிவது அங்கேதான்.

இன்னொன்று முறுக்கம். மேட்டில் முதல் கியரில் இழுக்கும்போதும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் பட்டையை முறுக்கப் பார்க்கும். நடுவில் கட்டை நின்றால் அது நெம்புகோல்போல அந்த முறுக்கத்தைக் கூட்டிவிடும். ஜாயின்ட் சாப்டின் சாய்வு மாறும். அதிர்வு வரும், யு.ஜே. கிராஸ் சீக்கிரம் தேயும். முன் ஆக்சிலும் பட்டையாக இருந்தால் அங்கே கட்டை வைக்கவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால்தான் வந்து விழுகிறது. கட்டைமேல் கட்டை அடுக்குவதும், தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைப்பதும் எந்த ஆக்சிலிலும் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று பிரேக்கில் இருக்கிறது. சுமைக்குத் தக்கபடி பின்சக்கர பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்களில் உண்டு. ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே வால்வுக்குப் போகும். வண்டி தாழ்ந்தால் பாரம் இருக்கிறது, உயர்ந்தால் காலி என்பதுதான் அதன் கணக்கு. கட்டை வைத்து உயர்த்தி, அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், முழுப் பாரத்தோடு இறங்கும்போதும் பாரம் குறைவு என்றே அது நினைக்கும். பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். மலை இறக்கத்தில் இதைவிட மோசமான கோளாறு வேண்டாம். பட்டை மாற்றி உயரம் கூடினாலும் இதே ஆபத்து உண்டு. வேலை முடிந்ததும் “வால்வு கம்பியைச் சரி பண்ணிட்டீங்களா?” என்று கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பட்டை செட் மாற்றினால்?

வாசகரின் வண்டிக்கு ஆறு வயது, அதுவும் மலைப் பாரம். எங்கள் சந்தேகம், அந்த வண்டி தாழ்வாகச் செய்யப்பட்டதல்ல, தாழ்ந்துபோனது என்பதுதான். சமதளத்தில் காலியாக நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடி விளிம்புவரை அளந்து பாருங்கள். அதே மாடல் புது வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள். இடது வலது வித்தியாசம் இருந்தாலோ, காலி வண்டியிலேயே பட்டை வளைவில்லாமல் கிடந்தாலோ, பட்டை களைத்துவிட்டது. அதே எண்ணிக்கை, அதே கனத்தில் புது செட்டும் புது புஷ்ஷும் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். மேஸ்திரியும் இதையே சொன்னார்: “பாதி வண்டிக்குத் தூக்கற வேலையே இல்ல. பழசு படுத்துடுச்சி, அவ்ளோதான்.”

செலவைக் குறைக்கப் பழைய பட்டையையே உலையில் காய்ச்சி வளைத்துத் தருவதும் உண்டு. சரியாகப் பதம் ஏற்றாமல் காய்ச்சிய பட்டை துள்ளலை இழந்துவிடும். கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும், அல்லது முறியும்.

அதற்கு மேலும் உயரமோ தாங்கும் சக்தியோ வேண்டும் என்றால்தான் கூடுதல் பட்டை, கனமான பட்டை, அதற்கேற்ற நீள சாக் அப்சர்பர் என்று போக வேண்டும். இதிலும் குறை இருக்கிறது. காலியாக வரும்போது வண்டி தூக்கிப் போடும். தக்காளிப் பெட்டியும் முட்டைத் தட்டும் ஏற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும். முக்கியமாக, பட்டை கூடினால் ஏற்றும் அளவு கூடாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் சட்டப்படியும் எடை. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

உயர்த்துவதற்கும் சட்டம் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாகக் கம்பெனி அமைப்பை மாற்றுவதை 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஃப்.சி.யில் மாட்டினால் கட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். விபத்துக்குப் பிறகு மாட்டினால் இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை மாற்றுவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆடு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூட்டை அசையாமல் கிடக்கும், ஆடு நின்றபடி வரும். வளைவில் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கும். உயர்த்திய வண்டி சாய்வது அப்போதுதான். 2022 ஏப்ரலில், இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு அருகே சேம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். இந்த மலையில் வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. பின்னால் ஆட்களை ஏற்றுவதே தவறு. உயர்த்திய வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஆக, வாசகருக்கு எங்கள் பதில்: முதலில் சுண்ணாம்பு. பிறகு கம்பெனி அளவில் பட்டை, புஷ், சாக் அப்சர்பர். ஒரு புளிக் காலம் அதில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் டேங்க் இடித்தால் அதன் அடியில் ஒரு காப்புத் தகடு கட்டுங்கள். பாரம் ஏற்றும் வண்டிக்குப் பின்கட்டையை நாங்கள் சொல்ல மாட்டோம்.

பட்டை மாற்றும்போது பழைய யூ போல்ட்டையே மறுபடி போட விடாதீர்கள். ஒருமுறை இறுக்கிய போல்ட் இழுபட்டிருக்கும். புது போல்ட் போட்டு, முதல் இரண்டு மூன்று பாரம் அடித்ததும் அதே பட்டறைக்குப் போய் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்பதையும் அன்று இருட்டிய பிறகு சுவரில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.