பாம்புக்கு எலி, பிரிட்ஜில் இடம்

பிள்ளைகள் அழைத்தார்கள் என்று ஆறு மாதம் அமெரிக்கா போய் வரும் பெற்றோர் நம் சங்கத்தில் பலர். அங்கே நாய், பூனை இருக்கும் என்று எதிர்பார்த்தே போகிறோம். பாம்பு இருந்தால்? அதன் சாப்பாடு நம் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்தால்?

நியூ ஜெர்சியில் என் மூத்த பேரன் வளர்ப்பது 'பால் பைத்தான்' என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். நாம் புற்றுக்குப் பால் வார்ப்போம். ஆனால் பாம்புக்குப் பால் செரிக்காது, எலிதான் வேண்டும். உயிருள்ள எலியை விட்டால் அது பாம்பையே கடித்துக் குதறிவிடும். ஆகவே உறையவைத்த எலிகளைக் கடையில் விற்கிறார்கள். வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று போதும். வாங்குவதோ மொத்தமாக. தேங்காய்த் துருவலுக்கு அடுத்த தட்டில் ஒரு பை இருந்தது.

என் மனைவி ஆசாரம் பேசினாள். மருமகன், "பைக்குள்ளதானே இருக்கு மாமா, மைனஸ் பதினெட்டுல எந்தக் கிருமி பிழைக்கும்?" என்றார். இந்த விஷயத்தில் நான் மனைவி கட்சி, காரணம்தான் வேறு. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. எலி உறைந்தாலும் அதிலுள்ள சால்மொனெல்லா பிழைத்திருக்கும். 2010இலும் 2014இலும் அமெரிக்காவில் இத்தகைய எலிகளிலிருந்தே இந்த நோய் பலருக்குப் பரவியது. குழந்தைகளும் அதில் அடக்கம். எங்கள் வீட்டிலோ இரண்டு வயதுப் பேத்தி, எதையும் வாயில் வைக்கும் பருவம்.

தனியாகச் சின்ன ப்ரீசர் வாங்க முடிவாயிற்று. மருமகன் கார் ஷெட்டில் வைக்கலாம் என்றார். ரயில்வேயில் ஏ.சி. பெட்டிகளைப் பராமரித்தவன் நான், தடுத்துவிட்டேன். அந்த ஊர்க் குளிர்காலத்தில் ஷெட்டே உறைந்து கிடக்கும். கம்ப்ரஸர் எண்ணெய் கெட்டிப்படும், பல ப்ரீசர்கள் சரியாக ஓடமாட்டா. நிலவறையே நல்லது. மேலே திறக்கும் பெட்டி வகை உத்தமம், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, மூடியைத் திறந்தாலும் கீழேயே தங்கும். பனி தானாகக் கரையும் வகையில் அவ்வப்போது உள்ளே சூடு ஏறி இறங்குவதால் பொருள் உலர்ந்து போகும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் அவசியம்.

பையில் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, எலிகளை ஒரே வரிசையாகப் பரப்பி, மேலே தேதி எழுதச் சொன்னேன். முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பது எங்கள் ஸ்டோர்ஸ் விதி. ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

எடுத்த எலியைப் பையோடு தனி டப்பாவில் வைத்து, முழுதும் இளகிய பின் வெந்நீரில் சூடாக்க வேண்டும். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. இரை உடற்சூட்டில் இருந்தால்தான் திரும்பிப் பார்க்கும். மைக்ரோவேவ் கூடவே கூடாது: வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக நிற்கும், வயிறு வெடித்தாலும் வெடிக்கும். இடுக்கியால் கொடுக்கவேண்டும். தின்னாமல் விட்டதை மறுபடி உறையவைக்காமல் எறிந்துவிட வேண்டும். டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை தங்கையைத் தொடக்கூடாது என்பது பேரனுக்கு நான் போட்ட நிபந்தனை. பயல் ஒழுங்காகவே நடந்துகொண்டான்.

புயலில் கரண்ட் போனால் மூடியைத் திறக்கக்கூடாது. நிரம்பிய ப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவைத்தோம்.

விடுமுறைக்கு வரும் பேரன் "இங்கேயும் ஒண்ணு வளர்க்கலாமா தாத்தா?" என்று கேட்டால், நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பால் பைத்தான் போன்ற பட்டியலிலுள்ள வெளிநாட்டு இனங்களையும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.