டாக்சியில் 500 கிலோ மீட்டர்! வாலிபர் கையில் காசு இல்லை. வாடகை கொடுத்தது கால்பந்து கிளப்

பாரீஸ் நகரின் ஓர்லி விமான நிலையம். 1967-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆப்பிரிக்காவில் இருந்து வந்த 20 வயது வாலிபர் ஒருவர் விமானத்தை விட்டு இறங்கினார். அழைத்துப் போக வர வேண்டிய ஆளைக் காணோம்!

வாலிபர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு டாக்சியில் ஏறி உட்கார்ந்து, செயிண்ட் எட்டியன் என்ற ஊருக்குப் போகச் சொல்லி விட்டார்.

அது பக்கத்துத் தெரு அல்ல. சுமார் 500 கிலோ மீட்டர் தூரம்!  போய்ச் சேர்ந்தபோது டாக்சி வாடகை ஆயிரம் பிராங்கைத் தாண்டி விட்டது. வாலிபரிடம் ஏது அவ்வளவு பணம்? செயிண்ட் எட்டியன் கால்பந்து கிளப்தான் பணத்தைக் கட்டியது.

வந்தவர் பெயர் சாலிப் கெய்டா. மாலி நாட்டுக்காரர்.

ரகசியப் பயணம்

மாலியின் தலைநகர் பமாகோவில் ஒரு லெபனான்காரர் இருந்தார். செயிண்ட் எட்டியன் கிளப்பின் பரம ரசிகர். “இங்கே ஒரு பையன் பிரமாதமாக ஆடுகிறான்” என்கிற ரீதியில் அவர்தான் கிளப்புக்கு எழுதிப் போட்டார். கிளப்பும் சம்மதித்தது. ஆனால் நல்ல ஆட்டக்காரரை வெளியே விட மாலி அதிகாரிகளுக்கு மனம் இல்லை. கெய்டா சத்தம் போடாமல் லைபீரியாவுக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறினார்.

டாக்சி வாடகை வீண் போகவில்லை. 1968, 1969, 1970 என்று தொடர்ந்து 3 ஆண்டுகள் செயிண்ட் எட்டியன் பிரெஞ்சு சாம்பியன் ஆயிற்று. 1970-71 சீசனில் கெய்டா அடித்தது 42 கோல்! அப்படியும் அந்த ஆண்டு முதல் இடம் கிடைக்கவில்லை. மார்செய் கிளப்பின் ஸ்கோப்லார் 44 கோல் அடித்து முந்தி விட்டார். ஆப்பிரிக்காவின் சிறந்த வீரருக்கான விருது 1970-ல் முதல் முறையாக வழங்கப்பட்டபோது, அது கெய்டாவுக்குத்தான் போயிற்று.

“குடியுரிமையை மாற்று”

1972-ல் மார்செய் கிளப்புக்கு மாறினார். அங்கே வந்தது வம்பு. வெளிநாட்டு வீரர்கள் இத்தனை பேர்தான் ஆடலாம் என்று அப்போது பிரான்சில் கட்டுப்பாடு இருந்தது. “பிரெஞ்சுக் குடிமகனாக மாறி விடு” என்று கிளப் நெருக்கியது. கெய்டா மறுத்து விட்டார். கோல் போட வந்தவர், நாட்டையும் விட்டுக் கொடுக்க வேண்டுமா என்ன? 1973-ல் ஸ்பெயினின் வலென்சியா கிளப்புக்குப் போனார். பிறகு போர்ச்சுகல். கடைசியில் அமெரிக்கா.

நடுத்தெருவில் சிறுவர்கள்

அவரைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஏராளம். எல்லோருக்கும் டாக்சி வாடகை கொடுக்க ஒரு கிளப் இருக்கவில்லை.

போலி ஏஜெண்டுகள் கிளம்பினார்கள். “உன் மகனை ஐரோப்பாவில் ஆட வைக்கிறேன்” என்பார்கள். பெற்றோர் கடன் வாங்கிக் கொடுப்பார்கள். பையன் சோதனை ஆட்டத்தில் தேறாவிட்டால் ஏஜெண்டு மாயமாகி விடுவார். விசா முடிந்து, திரும்பிப் போகக் காசு இல்லாமல், வெறுங்கையோடு ஊருக்குப் போக வெட்கப்பட்டு, பாரீசில் அலைந்த சிறுவர்கள் பலர். இவர்களுக்கு உதவ கேமரூன் நாட்டின் முன்னாள் வீரர் ஒருவர் 2000-ம் ஆண்டில் பாரீசில் ஒரு சங்கமே தொடங்க வேண்டியதாயிற்று. 18 வயது ஆகாதவர்களை நாடு விட்டு நாடு மாற்ற 2001-ல் சர்வதேச கால்பந்து சம்மேளனம் தடை விதித்தது. விதிவிலக்குகள் சில உண்டு. அந்தச் சந்தில் நுழைய ஆளும் உண்டு.

பமாகோவில் பயிற்சி

கெய்டா வேறு வழி பார்த்தார். 1990-களில் பமாகோவிலேயே தன் பெயரில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தார். சொந்த ஊரிலேயே பழகி விட்டுப் போகலாம் அல்லவா? அங்கே பழகிய மகமது தியாரா 2006-ல் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போனார். கெய்டாவின் உறவுக்காரப் பையன் செய்து கெய்டா 2008-ல் பார்சிலோனாவுக்குப் போய், ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்ற அணியில் இருந்தார்.

சாலிப் கெய்டா 2023 செப்டம்பர் 2-ந் தேதி காலமானார். வயது 76. அவர் ஆடிய காலத்தில் செயிண்ட் எட்டியன் கிளப் தன் சின்னத்தில் ஒரு கருஞ்சிறுத்தையைச் சேர்த்தது. அந்தச் சிறுத்தை அவர்தான்.