மோட்டார் இல்லாத விமானம்

பங்குனி வெய்யிலில், அறுவடையான திருப்பனந்தாள் வயல்களுக்கு மேலே பருந்து சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். காய்ந்த தரையிலிருந்து எழும் உஷ்ணக் காற்று அதைத் தூக்குகிறது. மலைச் சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றும் அவ்விதமே தூக்கும்.

இந்தக் காற்றை நம்பி மனிதர் பறக்கப் பழகிய இடம் ஜெர்மனியிலுள்ள வாஸ்ஸர்குப்பே மலை. உயரம் சுமார் 3,100 அடி. முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனிக்கு ராணுவ விமானங்கள் கூடாதென்று வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை விதித்தது. வாலிபர்கள் மோட்டாரை மறந்து மலையேறினார்கள். 1920-இல் முதற் போட்டி. 1922 ஆகஸ்டில் மார்ட்டென்ஸ் ஒரு மணிக்கு மேல் பறந்தார்; சில நாட்களுக்குள் ஹென்ட்ஸென் மூன்று மணியைத் தாண்டினார். 1924-இல் மார்ட்டென்ஸ் அங்கே பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

அக்காலத்துப் பயிற்சி விபரீதமானது. மாணவன் தன்னந்தனியே கிளைடரில் அமர்வான். தோழர்கள் ரப்பர்க் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட, வண்டி கவண்கல்லைப்போல் சரிவிலிருந்து கிளம்பும். 30 விநாடி பறந்து ஒழுங்காக இறங்கினால் முதற் பரீட்சையில் தேறியதாகக் கணக்கு. வாத்தியாரோ தரையில் நிற்பார்! உபாத்தியாயனாகிய எனக்கு இது சம்மதமில்லை.

நம் தேசத்தில் ராமாமிர்தம் அமைத்து, 1961-இல் முதன்முதலாகப் பறந்த 'ரோகிணி' கிளைடரில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வார்கள். மாணவன் கை தடுமாறினால், ஆசிரியர் தம் முன்னுள்ள பிடியைப் பற்றித் திருத்திவிடலாம்.